சாகித்ய அகாதெமி விருதும் பெரிய நாவல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பரில் விருது அறிவிப்பு வந்த பத்தாவது நிமிடம் என் கைபேசி சிணுங்கத் தொடங்கிவிடும். "யார் இவர்?", "போயும் போயும் இந்தப் புத்தகத்துக்கா?", "அவருக்கு இன்னுமா கொடுக்கவில்லை?" வருடத்துக்கு வருடம் எழுத்தாளர் பெயர் மட்டும் மாறும், கேள்விகள் மாறுவதில்லை. தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துப்போய், இந்த முறை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கவிதை, கட்டுரை பக்கம் அதிகம் போகவில்லை. எனக்கு ஈடுபாடு நாவலில்தான், அதிலும் கொஞ்சம் பேராசையோடு எழுதப்பட்ட நாவலில்.

இந்த விருதை யார் கொடுக்கிறார்கள்?

சாகித்ய அகாதெமி. 1954 மார்ச் 12 அன்று தொடங்கப்பட்ட தேசிய இலக்கிய அமைப்பு. நேருதான் முதல் தலைவர். டெல்லி ரவீந்திர பவனில் தலைமையகம். மத்திய அரசின் பணத்தில் நடந்தாலும் தன்னாட்சி அமைப்பு என்று பெயர். அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இருக்கும் 22 மொழிகள், கூடவே ஆங்கிலம், ராஜஸ்தானி என 24 மொழிகளுக்கு, மொழிக்கு ஒன்றாக ஆண்டுதோறும் கொடுக்கிறார்கள்.

1955இல் தமிழின் முதல் விருது ரா.பி. சேதுப்பிள்ளையின் 'தமிழின்பம்' கட்டுரைத் தொகுப்புக்குப் போனது. அடுத்த ஆண்டே ஒரு நாவல் வந்துவிட்டது: கல்கியின் 'அலை ஓசை'. அதைப் பார்க்க கல்கி இல்லை, 1954 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு 1957, 1959, 1960, 1964, 1976 ஆகிய ஐந்து ஆண்டுகளில் தமிழுக்கு விருதே கிடையாது.

பரிசுத் தொகை எவ்வளவு?

ஒரு லட்சம் ரூபாய், ஒரு தாமிரப் பட்டயம், ஒரு சால்வை. தொடக்கத்தில் 5,000 ரூபாயாக இருந்தது. படிப்படியாக ஏறி 2009 முதல் ஒரு லட்சம். பட்டயத்தை வடிவமைத்தவர் சத்யஜித் ராய் என்பது பலருக்குத் தெரியாது. பணத்தைவிட அது வீட்டில் மாட்டிவைக்கத் தகுந்த விஷயம் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2021இல் மாநில அரசு அறிவித்த 'கனவு இல்லம்' திட்டத்தில், ஞானபீடம், சாகித்ய அகாதெமி போன்ற விருதுகளைப் பெற்ற எழுத்தாளர்களுக்கு வீடு கிடைக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் டெல்லி கொடுப்பதைவிட இதுதான் பெரிய பரிசு.

எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

ஒவ்வொரு மொழிக்கும் ஒரு ஆலோசனைக் குழு, அதற்கு ஒரு ஒருங்கிணைப்பாளர். முதலில் தகுதியுள்ள நூல்களின் அடிப்படைப் பட்டியல் ஒன்று தயாராகும். அதைப் பல பரிந்துரையாளர்கள் பார்த்துச் சுருக்குவார்கள். கடைசியில் மூன்று பேர் கொண்ட நடுவர் குழு உட்கார்ந்து ஒன்றை எடுக்கும், ஒருமனதாகவோ பெரும்பான்மையாகவோ. பிறகு செயற்குழு ஒப்புதல், அறிவிப்பு. அறிவிக்கும்போது நடுவர்களின் பெயரும் வெளியாகும்.

விதிகளில் இரண்டு இடத்தைக் கவனியுங்கள். பின்னால் வரும் பல கேள்விகளுக்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

ஒன்று, நூல் "படைப்பாகவோ விமர்சனமாகவோ" இருக்கலாம். அதாவது இது நாவலுக்கான பரிசு அல்ல. ஆயிரம் பக்க நாவலும் நாற்பது கவிதைகளும் திருக்குறள் ஆராய்ச்சியும் ஒரே தராசில் ஏறுகின்றன. 1974இல் விருது பெற்றது 'திருக்குறள் நீதி இலக்கியம்', 1975இல் 'தற்காலத் தமிழ் இலக்கியம்'. அந்த ஆண்டுகளின் நாவல்கள் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போயின.

இரண்டு, நூல் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் முதல் பதிப்பாக வந்திருக்க வேண்டும். முன்பு மூன்றாண்டுக் கணக்கு இருந்தது. இப்போது ஐந்து. உதாரணமாக, 2023 விருதுக்கு 2017 ஜனவரி முதல் 2021 டிசம்பர் வரை வெளியான நூல்கள். அந்தத் தேதி தாண்டிவிட்டால் உலகமே புகழ்ந்தாலும் அந்தப் புத்தகத்துக்குக் கிடைக்காது. தவிர, ஒருவருக்கு ஒரு தடவைதான்.

ஆயிரம் பக்கம் எழுதினால்தான் கிடைக்குமா?

இந்தக் கேலி 2011இல் தொடங்கியது. வரிசையைப் பாருங்கள். 2011இல் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்', 2012இல் டி. செல்வராஜின் 'தோல்', 2013இல் ஜோ டி குருஸின் 'கொற்கை', 2014இல் பூமணியின் 'அஞ்ஞாடி'. அடுத்தடுத்து நான்கு ஆண்டுகள், நான்கு கனத்த நாவல்கள். 'தோல்' தவிர மற்ற மூன்றும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியவை. படுத்துக்கொண்டு படித்தால் கை வலிக்கும். 'அஞ்ஞாடி'யை நான் தலையணை மேல் வைத்துத்தான் படித்தேன்.

கேலியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், தமிழ் நாவலுக்கு அகாதெமி செய்த நல்ல காரியங்களில் இந்த நான்கு ஆண்டுகளும் சேரும். நான்குமே, வரலாற்றில் தங்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கப்படாத மக்களை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய நீண்ட காலத்தை உட்கார்ந்து எழுதிய நாவல்கள். 'காவல் கோட்டம்' மதுரையின் அறுநூறு ஆண்டுகளை மாலிக் காபூர் படையெடுப்பிலிருந்து சொல்லிக்கொண்டு வந்து, ஊர்க்காவலும் களவும் தொழிலாக இருந்தவர்களைக் குற்றப்பரம்பரைச் சட்டம் என்ன செய்தது என்பதில் முடிக்கிறது. ஆசிரியரின் முதல் நாவல். முதல் நாவலுக்கே அகாதெமி விருது என்பதை அப்போது பலரால் ஜீரணிக்க முடியவில்லை. 'தோல்' திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழிக்குள் நின்று வெந்தவர்கள் சங்கம் கட்டிய கதை. 'கொற்கை' தூத்துக்குடிப் பரதவர்களின், தோணி வணிகத்தின் இருபதாம் நூற்றாண்டு. 'அஞ்ஞாடி' கரிசல் காட்டின் ஒன்றரை நூற்றாண்டு. 1895 கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கலவரமும் அதன் நடுவே எரிகின்றன.

சரி, பக்க அளவு நடுவர்களை மயக்கியதா? கொஞ்சம் மயக்கியிருக்கும் என்றே நினைக்கிறேன். உழைப்பு கண்ணுக்குத் தெரிகிற நூலுக்கு ஓட்டுப் போடுவது சுலபம். பத்தாண்டு ஆவணக் காப்பகத்தில் கிடந்து எழுதினார் என்று சொன்னால் குழுவில் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். மாறாக நூற்றைம்பது பக்கத்தில் மொழியையே வேறு மாதிரி வளைத்தவருக்காக வாதாட ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குத் தைரியமும் வேண்டும்.

அப்படியென்றால் எதைத்தான் பெரிய முயற்சி என்கிறீர்கள்?

எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்' என்று ஒரு நாவல் இருக்கிறது. 1993 விருது. சின்னப் புத்தகம்தான். கும்பகோணத்துக்காரர், 'மணிக்கொடி' இதழின் காலத்திலிருந்து எழுதியவர், விருது வரும்போது எழுபதைத் தாண்டியிருந்தார். அவருடைய காதுக்குள் குரல்கள் கேட்கத் தொடங்கின. ஆண்டுக்கணக்கில் கேட்டன. அந்த வதையை மகாலிங்கம் என்ற பாத்திரத்தின் மேல் ஏற்றி எழுதினார். கதாநாயகனின் காதுக்குள்தான் கதை நடக்கிறது. ஆபாசமாக, கோரமாக, சில இடங்களில் சிரிப்பு வரும்படியாக அந்தக் குரல்கள் பேசிக்கொண்டே இருக்கின்றன. இதை எழுதுவதற்கு முன்மாதிரி எதுவும் தமிழில் இல்லை.

என் கணக்கில் இதுவும் 'கொற்கை'யும் ஒரே அளவு பெரியவை. இதற்குமுன் செய்யப்படாத ஒன்றை, தோற்கும் வாய்ப்பு கண்ணெதிரே இருந்தும் எழுதிப் பார்த்தது எதுவோ அது பெரிய முயற்சி. 'காதுகள்' போன்ற சின்ன அளவுப் பெரிய முயற்சிகளையும் அகாதெமி அடையாளம் கண்டிருக்கிறது, அடிக்கடி அல்ல.

பெரிய நாவலை விட்டுவிட்டு அதே எழுத்தாளரின் வேறு புத்தகத்துக்குக் கொடுக்கிறார்களே, ஏன்?

எனக்கு வரும் கேள்விகளில் நியாயமானது இது. பட்டியலைச் சொன்னால் கோபம் வரும்.

தி. ஜானகிராமன் 'மோகமுள்'ளும் 'அம்மா வந்தாளு'ம் எழுதியவர். 1979இல் விருது வந்தது 'சக்தி வைத்தியம்' சிறுகதைகளுக்கு. லா.ச. ராமாமிர்தம் 'அபிதா' எழுதியவர். 1989இல் வந்தது 'சிந்தாநதி' என்ற நினைவோடைக்கு. அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்க'ளும் '18வது அட்சக்கோடு'ம் போய், 1996இல் 'அப்பாவின் சிநேகிதர்' கதைகளுக்கு. க.நா.சு. 'பொய்த்தேவு' எழுதியது 1946இல். நாற்பது ஆண்டு கழித்து விமர்சன நூலுக்கு. நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' 1968இல் வந்தது, அவருக்கு விருது 2007இல், 'இலையுதிர் காலம்' நாவலுக்கு. கி. ராஜநாராயணனுக்கு 'கோபல்ல கிராம'த்துக்குக் கிடைக்கவில்லை, அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்க'ளுக்கு 1991இல் கிடைத்தது. திருவனந்தபுரம் சாலைத் தெருவைத் தமிழில் அழியாமல் நிறுத்திய ஆ. மாதவனுக்கு 2015இல் விருது வாங்கித் தந்தது ஒரு கட்டுரைத் தொகுப்பு.

இதற்கான காரணம் சதியெல்லாம் இல்லை, நான் முன்னால் சொன்ன அந்தத் தேதிக் கணக்கு. புதிதாக எதையாவது செய்யும் நாவல் வெளியான சூட்டில் பெரும்பாலும் புரிவதில்லை. 'இது நாவலே இல்லை' என்று முதலில் நாலு பேர் சொல்வார்கள். சிற்றிதழில் ஒரு கட்டுரை வரும். அடுத்த தலைமுறை எழுத வருபவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு திரிவார்கள். இதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும். அதற்குள் விருதுக் கதவு சாத்தப்பட்டிருக்கும். அப்புறம் நடுவர்களுக்கு உறுத்தும். அவர் எழுதியதில் எது இப்போது தேதிக்குள் வருகிறது என்று தேடி, கையில் கிடைத்ததற்குக் கொடுத்து மரியாதை செய்வார்கள். பட்டயத்தில் ஒரு புத்தகத்தின் பெயர் இருக்கும், கொடுப்பவர் வாங்குபவர் இருவர் மனதிலும் இன்னொரு புத்தகம் இருக்கும்.

அகாதெமியின் உயர்ந்த கௌரவமான ஃபெல்லோஷிப் ஒருவரின் மொத்தப் பங்களிப்புக்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே நேரத்தில் 24 மொழிக்கும் சேர்த்து 21 பேருக்குமேல் அதில் இருக்க முடியாது. கூட்டத்துக்கு அந்த இடம் போதாது.

துணிந்து கொடுத்ததே இல்லையா?

உண்டு. 1977இல் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டதைப் பின்னணியாகக் கொண்ட நாவல். ஒன்பதே ஆண்டுக்குள் ஒரு தேசிய அமைப்பு அதற்கு விருது கொடுத்தது சாதாரணம் இல்லை. பண்ணையாரின் வன்முறையை அவருடைய ஆண்மைக் குறைவோடு நாவலாசிரியர் முடிச்சுப் போட்டதை இடதுசாரிகள் அப்போதே கடுமையாகத் தாக்கினார்கள். அந்தத் தாக்குதலில் எனக்குப் பாதி உடன்பாடு. கூலிக்கும் சாதிக்கும் நடந்த சண்டையை அது ஒரு தனிமனித நோயாகச் சுருக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் அந்த நேரத்தில் அந்தப் பொருளைத் தொட்ட நாவல் அது.

ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1972இல். அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், முன்பின் தெரியாத ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீர் ஊற்றி விஷயத்தை முடித்துவிடுவாள். அப்படி ஊற்றாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டு எழுதிய நாவல் இது. பல லட்சம் பேர் படித்த பத்திரிகைத் தொடராகவும் இருந்துகொண்டு, இலக்கியமாகவும் நின்றது. தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'யை (1997) இந்த வரிசையில் தயங்காமல் சேர்ப்பேன். முஸ்தபாக்கண்ணு என்ற வெட்டிப் பெருமைக்காரர் வீட்டுச் சாமானை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறார், ஒரு குடும்பத்தின் நூற்றாண்டுகள் அவரோடு கரைகின்றன.

விருது பெற்ற நாவல்களில் பாதி வரலாற்று நாவல்தானா?

பாதி இல்லை, ஆனால் நிறைய. 1955 முதல் 2024 வரை தமிழில் 65 விருதுகள். என் எண்ணிக்கையில் அவற்றில் சுமார் முப்பது நாவல்கள். அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' (1963), கண்ணதாசனின் 'சேரமான் காதலி' (1980), கோவி. மணிசேகரனின் 'குற்றாலக் குறிஞ்சி' (1992) எல்லாம் ராஜா ராணி வகை. இவற்றுக்கு விருது கிடைத்ததில் எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, அந்தக் காலத்து ரசனை அது.

பிரபஞ்சனின் 'வானம் வசப்படும்' (1995) வேறு ஜாதி. துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே காலத்துப் புதுச்சேரியை அரண்மனைக்கு வெளியே நின்று பார்த்தது. அந்த வழியில்தான் 'காவல் கோட்ட'மும், 1801 கிளர்ச்சிக்குப் பின் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டவர்களை எழுதிய மு. ராஜேந்திரனின் 'காலா பாணி'யும் (2022) வந்தன. இன்னும் பெரிய அளவில், சி.சு. செல்லப்பாவின் 'சுதந்திர தாகம்': விடுதலைப் போராட்டத்தைப் பற்றி மூன்று பாகம். தன் வாழ்நாளெல்லாம் தன் காசில் புத்தகம் போட்ட மனிதர் அவர். 1998இல் மறைந்தார். விருது 2001இல் வந்தது.

எல்லாம் கரிசல் காட்டுக்கே போகிறதே?

கி.ரா. என்ற கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல் என்ற ஒரே ஊரில் பிறந்த நண்பர்கள். இருவருக்கும் அகாதெமி கிடைத்திருக்கிறது, அழகிரிசாமிக்கு இறந்த பிறகு. இவர்களோடு பூமணி, மேலாண்மை பொன்னுச்சாமி, எஸ். ராமகிருஷ்ணன், சோ. தர்மன். மழை பெய்யாத பூமிக்கு விருது நன்றாகப் பெய்திருக்கிறது, உண்மைதான். வட்டார வழக்கை நாவலின் அடுக்களையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்தவர் கி.ரா., பின்னால் வந்தவர்களுக்கு அந்தப் பாதை திறந்திருந்தது. மற்றபடி புள்ளி வைத்துக் கோலம் போட இதில் ஒன்றும் இல்லை.

பெண்களுக்கு?

65 பேரில் நான்கு பேர். ராஜம் கிருஷ்ணன் (1973), லக்ஷ்மி என்ற திரிபுரசுந்தரி (1984), திலகவதி (2005), அம்பை (2021). முதல் மூவருக்கும் நாவலுக்காக, அம்பைக்குச் சிறுகதைகளுக்காக. அம்பை அறுபதுகளிலிருந்து எழுதிவருகிறார், கிடைக்க 2021 ஆனது. இந்தக் கணக்குக்கு நான் விளக்கம் எழுதப்போவதில்லை. நடுவர் குழுவில் உட்கார்ந்தவர்கள் எழுதட்டும்.

ஈழத்து, மலேசிய, சிங்கப்பூர் எழுத்தாளர்களுக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது விதி. தேசிய விருது என்றால் அப்படித்தான். ஆனால் கடந்த நாற்பது ஆண்டுத் தமிழ்ப் புனைவில் போரையும் இடப்பெயர்வையும் வைத்து நடந்த பெரிய சோதனைகள் பலவும் இந்தக் கோட்டுக்கு வெளியே நடந்தவை. ஆகவே அகாதெமிப் பட்டியலைத் 'தமிழின் சிறந்த நாவல்கள்' என்று யாராவது பகிர்ந்தால், அது அதிகபட்சம் இந்தியத் தமிழின் பட்டியல் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் லாபி என்கிறார்களே?

ஆண்டுதோறும் சொல்வார்கள். தமிழ் இலக்கிய உலகம் ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்துக்குள் அடங்கிவிடும். மூன்று நடுவர்களில் ஒருவராவது விருது பெறுபவரோடு டீ குடித்திருப்பார், இன்னொருவர் சண்டை போட்டிருப்பார். இதை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. சில தேர்வுகளைப் பார்த்து நானும் 'இதெப்படி?' என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன். ஆனால் மோசமான தேர்வுக்கு லாபியைவிடச் சாதாரணமான காரணம் ஒன்று இருக்கிறது: மூன்று பேருக்கும் பிடித்த நூல் இல்லாதபோது, மூன்று பேருக்கும் ஆட்சேபம் இல்லாத நூல் ஜெயிக்கும்.

விருதை மறுக்கலாமா, திருப்பித் தரலாமா?

இரண்டும் நடந்திருக்கிறது. மறைந்த கவிஞர் இன்குலாபின் 'காந்தள் நாட்க'ளுக்கு 2017இல் அறிவித்தபோது அவர் குடும்பம் ஏற்க மறுத்தது. 2015இல், அகாதெமி விருது பெற்ற கன்னட அறிஞர் கல்புர்கி கொல்லப்பட்ட பிறகு, பல மொழி எழுத்தாளர்கள் விருதைத் திருப்பி அனுப்பினார்கள். 2023இல் ஒரு நாடாளுமன்ற நிலைக்குழு, இனி விருது வாங்கும் முன்பே 'திருப்பித் தரமாட்டேன்' என்று எழுதி வாங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. எழுத்தாளரிடம் முன்ஜாமீன் கேட்கும் யோசனை.

விருதால் புத்தகம் விற்குமா?

விற்கும். டிசம்பரில் அறிவிப்பு, ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. பதிப்பாளர் இரவோடு இரவாக மறுபதிப்புப் போட்டு, அட்டையில் விருது முத்திரை ஒட்டி, அரங்கின் வாசலில் அடுக்கிவிடுவார். விருது நூல்களை அகாதெமியே மற்ற இந்திய மொழிகளில் மொழிபெயர்த்து வெளியிடுவதும் உண்டு. வாங்கியவர்களில் எத்தனை பேர் 'காவல் கோட்ட'த்தின் இருநூறாவது பக்கத்தைத் தாண்டினார்கள் என்பது வேறு விஷயம். அலமாரியில் அது நன்றாகவே இருக்கிறது.

இளம் எழுத்தாளர்களுக்கு ஏதாவது உண்டா?

யுவ புரஸ்கார். 2011 முதல், 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, 50,000 ரூபாய். மலர்வதியின் 'தூப்புக்காரி', ஆர். அபிலாஷின் 'கால்கள்', லட்சுமி சரவணகுமாரின் 'கானகன்' எல்லாம் இதில் வந்த நாவல்கள். முதிர்ந்தவர்களின் பட்டியலைவிட இதில் உயிர்த்துடிப்பு அதிகம் என்பது என் எண்ணம். விட்டுப்போன மூத்தவர்களுக்குக் கடனைத் தீர்க்கும் கட்டாயம் இங்கே இல்லையே.

இதைத் தவிர தேசிய அளவில் வேறு விருதுகள்?

ஞானபீடம். இது ஒரு தனியார் அறக்கட்டளையுடையது, எல்லா மொழிக்கும் சேர்த்துக் கொடுப்பது. 1975இல் 'சித்திரப்பாவை'க்காக அகிலனுக்கும் 2002இல் ஜெயகாந்தனுக்கும் கிடைத்தது. அப்புறம் ஜேசிபி பரிசு என்று ஒன்று 2024 வரை இருந்தது, ஆங்கிலத்தில் எழுதிய அல்லது ஆங்கிலத்துக்கு வந்த இந்தியப் புனைவுக்கு 25 லட்சம் ரூபாய். 2023இல் அது பெருமாள்முருகனின் 'ஆளண்டாப் பட்சி'க்கு, ஜனனி கண்ணனின் மொழிபெயர்ப்பு வழியாகக் கிடைத்தது. தமிழில் அந்த நாவல் வந்தது 2012இல். அகாதெமியின் தேதிக் கணக்கு எப்போதோ முடிந்துபோன ஒரு புத்தகம், வேறு மொழியில் மறுபடி பிறந்து பரிசு வாங்கியது.

விருது நாவல்களை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

இமையத்தின் 'செல்லாத பணம்' (2020). தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடக்கும் ஒரு பெண், வெளியே வராந்தாவில் காத்திருக்கும் குடும்பம். பெரும்பகுதி பேச்சுத்தான். இரண்டு நாளில் முடித்துவிடலாம், ஆனால் மனம் கனக்கும். பிறகு 'காதுகள்'. பிறகு சோ. தர்மனின் 'சூல்', ஒரு கண்மாய் எப்படி ஒரு ஊரைப் பிடித்துவைத்திருந்தது என்று. தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' (2023) கொங்கு நாட்டு நாவிதர் குடும்பத்தின் கதை. தலைப்பு கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டிலிருந்து வந்தது. மெல்லிய புத்தகம், மெதுவாகப் படியுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகு 'அஞ்ஞாடி'. ஒரு தாள் எடுத்து வருகிற குடும்பங்களின் பெயரைக் குறித்துக்கொண்டே போங்கள். முதல் நூறு பக்கம் வழக்குச் சொற்கள் தடுக்கும். அகராதியைத் தேடாமல் வாய்விட்டுப் படித்தால் பாதிச் சொல் தானாகப் புரியும்.

விருதே வாங்காத ஒரு பெரிய நாவலைச் சொல்லுங்களேன்.

சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்', ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' என்று எல்லாரும் சொல்வதை நானும் சொல்லலாம், இரண்டும் சொல்லத் தகுந்தவைதான். நான் கையில் எடுத்துக் கொடுப்பது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'.

சிங்கம்புணரியில் பிறந்தவர். இளம் வயதில் இந்தோனேசியாவின் மெடானுக்கு வேலைக்குப் போனார். இரண்டாம் உலகப்போரை அங்கேயே பார்த்தார். திரும்பி வந்து மதுரையில் ஒரு நாளிதழில் வேலை, விடுதி அறையில் தனி வாழ்க்கை. எழுதியது இரண்டே நாவல். இரண்டாவதான இதைப் போட ஆள் கிடைக்காமல் கையெழுத்துப் பிரதி நெடுங்காலம் கிடந்தது. 1972இல் ஒருவழியாக வந்தது, யாரும் கவனிக்கவில்லை. மெடான் வட்டிக்கடைகளும் நேதாஜி படையும் ஜப்பானியத் தலைவெட்டும் மதுரைத் தெருக்களும் ஒரே வாக்கியத்துக்குள் குதித்து வரும் அப்படியொரு உரைநடையைத் தமிழ் அதுவரை கண்டதில்லை. மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று எந்தக் கணக்கிலும் அது பிடிபடவில்லை. இலக்கிய உலகம் அதைக் கொண்டாடத் தொடங்கியபோது சிங்காரம் எழுதுவதையே விட்டிருந்தார். 1997இல் இறந்தார். இப்போது பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன. எழுத்துப்பிழை குறைவான பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.